கச்சம்புளியும் பன்றிக்கறியும்: குடகின் இலையில் படிந்த வரலாறு

இட்லியின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் மானசோல்லாசத்தைத் தொடாமல் போவதில்லை. கல்யாணியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் (ஆட்சி 1126–1138) பெயரால் வழங்கும் இந்தச் சமஸ்கிருதப் பெருந்தொகுப்பில், அரசன் நுகரத்தக்க உணவுகளைப் பேசும் பகுதி ஒன்று உண்டு. அங்கே வரும் 'இட்டரிகா' என்னும் உளுந்துப் பண்டமும் 'தோசகா'வும் உணவு வரலாற்று நூல்களில் ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டுவிட்டன. அதே பகுதியில் பன்றியை எவ்வாறு சமைப்பது என்ற விளக்கமும் இருக்கிறது. கொன்ற பன்றியின்மேல் துணியைப் போர்த்திக் கொதிநீரை ஊற்றி மயிரைக் களைவது ஒரு முறை. உடல் முழுவதும் மண்ணைப் பூசி, வைக்கோல் தீயில் பொசுக்கிச் சுரண்டுவது இன்னொரு முறை. பிறகு நெருப்பில் வாட்டித் துண்டுகளாக்கி, மறுபடியும் தணலில் சுட்டு, உப்பும் மிளகும் புளிப்புச் சாறும் சேர்த்து உண்பது. பனையோலை நறுக்குகளைப் போல மெல்லிய கீற்றுகளாக அரிந்து, தயிரில் இட்டு மணமூட்டுவதும் சொல்லப்படுகிறது. இட்டரிகாவைவிட விரிவான, கைப்பழக்கம் உள்ளவர் சொல்லக் கேட்டு எழுதியது போன்ற செய்முறை இது. ஆயினும் இதை மேற்கோள் காட்டுவோர் மிகக் குறைவு.

தமிழிலும் நிலைமை வேறல்ல. கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், அந்தணர் மனையில் பாணன் பெறும் உணவு வருகிறது. வெண்ணெயில் வெந்த மாதுளம் பிஞ்சும் கறிவேப்பிலை மணமும் மாவடு ஊறுகாயும் சேர்ந்த அந்த உணவைக் காட்டாத 'சங்ககாலச் சமையல்' கட்டுரை அரிது. அதற்கு முப்பது நாற்பது அடிகள் தள்ளி, கள் காய்ச்சும் மகளிரின் இல்லம் வருகிறது. அங்கே கலம் கழுவிய நீர் தேங்கிய சேற்றில் பன்றிகள் புரள்கின்றன. அவற்றுள் ஓர் ஆண்பன்றியைப் பெட்டையோடு சேரவிடாமல் பிரித்து, குழியில் நிறுத்தி, பல நாள் நெல் மாவை ஊட்டிக் கொழுக்கவைக்கிறார்கள். அதன் நிணம் மிக்க தசையும் கள்ளும் பாணனுக்கு விருந்தாகின்றன. வேட்டையில் கிடைத்த விலங்கு அன்று இது. தீனியும் இனச்சேர்க்கையும் கட்டுப்படுத்தப்பட்ட, திட்டமிட்ட வளர்ப்பு. ஒரே பாட்டின் மாதுளையை எடுத்துக்கொண்டு பன்றியை விட்டுவிடும் வாசிப்பை மறதி என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

இந்தத் தேர்ந்தெடுத்த மௌனம் எளிதில் செல்லுபடியாகாத ஓர் ஊர் தென்னிந்தியாவில் உண்டென்றால் அது குடகு. காவிரி தோன்றும் அந்த மலைநாட்டில் பன்றிக்கறி ஒளித்து உண்ணும் உணவன்று; திருமணத்திலும் பெருவிழாவிலும் இலையின் நடுவே வைக்கப்படுவது. 'பந்தி கறி' என்று கொடவர் அழைக்கும் அந்தக் கறியின் நிறம் கிட்டத்தட்டக் கறுப்பு. அந்தக் கறுப்பையும் புளிப்பையும் பளபளப்பையும் தருவது ஒரு காட்டுப் பழத்தின் சாறு. அருகில் அரிசி நொய்யை உருட்டி அவித்த கடம்புட்டு இருக்கும். மழைக்காலமாயின் மூங்கில் குருத்தும் காளானும் சேப்பங்கீரையும் சேரும். பன்றி, பழம், அரிசி, காய்கறி ஆகிய நான்கும் சேர்ந்த இந்த இலையை உற்று நோக்கினால், சமூகவியல் வகுப்பறைகளில் நெடுங்காலமாக ஓதப்படும் ஒரு கோட்பாட்டின் விளிம்பும் தென்படும்.

முதலில் பழம். தாவரவியலில் இன்று இதன் பெயர் கார்சீனியா கம்மி-குட்டா. மலையாளத்தில் குடம்புளி, மீன்குழம்பு வழியாகத் தமிழரும் அறிந்தது. இலங்கையில் இதுவே கொறக்கா. அங்கும் சிங்களச் சமையலில் பன்றி இறைச்சியைக் கறுக்கச் சமைக்கும்போது இதைச் சேர்க்கும் வழக்கம் உண்டு. தமிழகத்தார் சிறுவயதில் தின்ற கொடுக்காப்புளி வேறு. அது மெக்சிகோவிலிருந்து வந்த மரத்தின் காய். ஒலி ஒப்புமையால் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவோர் இன்றும் இருக்கிறார்கள். பெயர்க்குழப்பம் இந்த மரத்தின் தலையெழுத்து போலும். டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த ஹோர்த்தூஸ் மலபாரிகஸின் முதல் தொகுதி (1678) இதை மலையாளப் பெயராலேயே பதிவு செய்தது. அடுத்த நூற்றாண்டில் லின்னேயஸ், கம்போடியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்துகொண்டிருந்த மஞ்சள் நிறப் பிசினைத் தருவது இந்த மலபார் மரமே என்று கருதி, அந்தப் பிசினின் பெயரையே இதற்குச் சூட்டிவிட்டார். பிசின் தந்தது வேறொரு கார்சீனியா. தவறு தெரிந்த பின்னும், முந்தைய பெயருக்கே முன்னுரிமை என்னும் விதியால் 'கம்மி-குட்டா' நிலைத்துவிட்டது. சாயப்பிசினோடு தொடர்பற்ற, புளிப்புக்காகவே மக்கள் போற்றிய ஒரு மரம் இன்றும் சாயப்பிசினின் பெயரைச் சுமக்கிறது.

கேரளத்தார் இப்பழத்தின் தோலைப் புகையில் உலர்த்திக் கறுந்துண்டுகளாகச் சேமிப்பர். குடகில் முறை வேறு. ஆனி, ஆடி மழையில் கனிந்து உதிரும் பழங்களைப் பொறுக்கிக் கூடையில் குவித்து வைப்பர். நாட்கள் செல்லச் செல்லப் பழம் தானாகவே குழைந்து, சாறு கீழே வைத்த கலத்தில் சொட்டும். அந்தச் சாற்றை அடுப்பிலேற்றிச் சுண்டக் காய்ச்சினால், பாகு போலத் தடித்த, கரிய, கடும்புளிப்புள்ள நீர்மம் கிடைக்கும். அதுவே கச்சம்புளி. முறையாகக் காய்ச்சியது ஆண்டுக்கணக்கில் கெடாது. ஒரு கிலோ இறைச்சிக்கு ஓரிரு கரண்டி போதும் என்பதால், ஒரு பருவத்தில் எடுத்த சிறு குப்பி ஒரு வீட்டுக்கு நெடுநாள் வரும்.

சமையலில் இது நுழையும் இடம் கவனிக்கத்தக்கது. தோலும் கொழுப்பும் நீக்காத இறைச்சியைச் சிறு துண்டுகளாக்கி, மஞ்சளும் உப்பும் மிளகாய்த் தூளும் பிசறி, வெங்காயம், பூண்டு, இஞ்சியோடு மெல்லிய தீயில் வேகவிடுவர். கொழுப்பு உருகி வெளியேறி, இறைச்சி தன் நெய்யிலேயே வேகும். கொத்தமல்லி, சீரகம், மிளகு, கடுகு, வெந்தயம் ஆகியவற்றை வெறும் சட்டியில் தீய்ந்துவிடுமோ என்று அஞ்சும் அளவுக்குக் கருக வறுத்துப் பொடித்துச் சேர்ப்பர். இறைச்சி முழுதும் வெந்த பிறகே கச்சம்புளி. சில நிமிடங்களில் அது உருகிய கொழுப்போடும் வறுத்த மசாலாவோடும் கலந்து, துண்டுகளின்மேல் கரிய மினுக்காகப் பற்றிக்கொள்ளும். குழம்பின்றி வறட்டி எடுக்கும் 'பந்தி பர்த்தது' என்னும் வகையில் இந்தப் பூச்சு இன்னும் தெளிவாகத் தெரியும். மிளகாய் 16ஆம் நூற்றாண்டுக்குப் பின் வந்தது. அதை நீக்கிவிட்டால் காரத்துக்கு மிளகும் புளிப்புக்குக் கச்சம்புளியும் எஞ்சுகின்றன. இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையின் சொத்து. பழைய சட்டியில் இருந்திருக்கக்கூடியது இவ்விரண்டுமே.

பன்றி இறைச்சியின் புளிப்பைப் போர்த்துகீசியரோடு முடிச்சுப் போடுவது இன்று பொதுவழக்காகிவிட்டது. கோவாவின் விண்டாலு அவ்வழி வந்தது என்பதில் ஐயமில்லை. மதுவிலும் பூண்டிலும் ஊறவைத்த போர்த்துகீசிய இறைச்சி உணவே அதன் மூலம்; திராட்சை மது கிடைக்காத கோவாவில் கள்ளிலிருந்து எடுத்த காடி அந்த இடத்தைப் பிடித்தது. ஆனால் அந்தக் கதையை அப்படியே குடகின்மேல் ஏற்ற இயலாது. இங்கே புளிப்பு நொதித்த மதுவிலிருந்து வரவில்லை. பழச்சாற்றைக் காய்ச்சிச் சுண்டவைப்பதிலிருந்து வருகிறது. பன்றிக்குப் புளிப்புச் சாறு சேரும் என்பதை, வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்குவதற்கு (1498) மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்பே மானசோல்லாசம் எழுதி வைத்திருக்கிறது. மேலும், நாட்டின் மறுகோடியில் அசாமியர் 'தெகெரா' என்றும் மணிப்புரியர் 'ஹைபுங்' என்றும் அழைக்கும் காய் இதே கார்சீனியா குடும்பத்தின் இன்னோர் இனம். பிரம்மபுத்திரா வெளியில் பன்றி இறைச்சியைத் தெகெராவோடும், 'ஔ தெங்கா' எனப்படும் உவாக்காயோடும் சேர்த்துச் சமைத்துச் சோற்றோடு உண்கிறார்கள். குடகுக்கும் அசாமுக்கும் இடையே சமையல் உறவு இருந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. கொழுப்பு மிக்க இறைச்சியும் புளிப்புக்காய் மரமும் ஒரே காட்டில் கிடைத்த இடங்களில், மனிதர் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்பதே பொருத்தமான விளக்கம்.

குடகில் இம்முடிவு ஆண்டுச் சுழற்சியோடும் இறுகப் பிணைந்திருக்கிறது. நம் ஆடியை ஒட்டி வரும் கக்கட மாதம் பெருமழைக்கும் நாற்று நடவுக்கும் உரியது. நடவுக்காலத்தில் ஆயுதங்களை வீட்டின் வழிபாட்டறையில் வைத்துவிடுவது பழைய முறை. வேட்டை நின்றுபோகும். அடுப்பின் மேல் புகையில் உலர்த்தித் தொங்கவிட்ட 'ஒணக் எர்ச்சி' அந்த நாட்களுக்கு உதவும். கச்சம்புளிப் பழம் உதிர்வதும் காய்ச்சுவதும் இதே மாதங்களில். நடவு முடிந்து, செப்டம்பர் தொடக்கத்தில் வரும் கைல்பொள்த் விழாவில் துப்பாக்கியையும் வாளையும் வெளியே எடுத்து வரிசையாக அடுக்கி வழிபடுவர். துப்பாக்கி வாயில் செருகும் மலரைக் கொடவர் 'தோக்குப் பூ' என்பர்; அதாவது துப்பாக்கிப் பூ. தமிழர் அதைச் செங்காந்தள் என்பர். வழிபாடு முடிந்ததும் வேட்டைப் பருவம் திறக்கும். அன்றைய விருந்தே பந்தி கறியும் கடம்புட்டும். துப்பாக்கி கீழே இறங்கும் நாளில் புளிக்குப்பி நிறைந்திருக்கிறது. திட்டமிட்டு அமைத்ததா, தானாக அமைந்ததா என்று கேட்பதைவிட, மழையும் மரமும் வயலும் சேர்ந்து வகுத்த கால அட்டவணை இது என்று கொள்வது நேர்மையானது.

கடம்புட்டு என்பது கடப்ப மலரைப் போன்ற உருண்டை. நெல் குத்தும்போது உடையும் நொய்யை உப்பு நீரில் கிளறி, கையால் உருட்டி, ஆவியில் அவிப்பது. முழு அரிசிச் சோற்றைவிட நொய்யுருண்டை குழம்பையும் நெய்யையும் நன்றாக உறிஞ்சும். குடகின் புட்டு வகைகள் பல: நூல்புட்டு நம் இடியாப்பம், தேங்காய்ப்பாலிலோ பாலிலோ வேகும் பாப்புட்டு வேறு. கக்கடம் 18ஆம் நாள், 'மத்து தொப்பு' என்னும் மூலிகையைக் கொதிக்கவைத்து எடுத்த கருநீலச் சாற்றில் அரிசியைச் சமைத்து உண்பர். அம்மழையில் முளைக்கும் இளமூங்கில் 'பைம்பளெ' ஆகும். காளான் 'கும்மு' ஆகும்.

சொற்களைப் பார்க்கும்போது தமிழ் மாணவருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. தமிழில் பன்றி, மலையாளத்தில் பன்னி, தெலுங்கில் பந்தி, துளுவில் பஞ்சி, கொடவத்தில் பந்தி. கன்னடத்தில் மட்டும் ஹந்தி. சொல்லின் முதலில் வந்த பகரம் இடைக்காலக் கன்னடத்தில் ஹகரமாகத் திரிந்தது. பால் ஹாலு ஆனதும் புலி ஹுலி ஆனதும் இவ்விதியால்தான். நூற்றாண்டுகளாகக் கன்னடத்தின் நிழலில் ஆட்சியும் கல்வியும் நடந்தபோதும் கொடவம் இந்தத் திரிபை ஏற்கவில்லை. புது அரிசியின் அறுவடை விழா கொடவருக்குப் 'புத்தரி'. புதுமையும் அரியும் சேர்ந்த இந்தச் சொல் தமிழ்க் காதுக்கு உரை தேவையின்றியே விளங்கும். கன்னடம் பேசுவோர் அதை 'ஹுத்தரி' என்கிறார்கள். கொடவர் பலர் அதைத் திருத்துகிறார்கள். 'ஒணக் எர்ச்சி'யில் உணக்கலும் இறைச்சியும் இருக்கின்றன. தமிழ்ப் பேச்சிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிட்ட 'உணக்குதல்' என்னும் வினை, அங்கே அடுப்படியில் உயிரோடு இருக்கிறது. எல்லாம் இப்படி ஒத்துப்போவதில்லை: கொடவத்தில் 'நரி' என்றால் புலி. புலியைக் கொன்றவனுக்கு மணமகன்போல் சிறப்புச் செய்யும் பழைய சடங்கின் பெயர் 'நரி மங்கலம்'. அகராதியைத் திறக்காமல் ஒலி ஒப்புமையை நம்பினால் வேட்டைக்காரனின் வீரம் நகைப்புக்கு இடமாகிவிடும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கொடவத்தைத் தாய்மொழியாகக் கூறியோர் 1,13,857 பேர். அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் அதற்கு இடமில்லை. இத்தனை சிறிய மொழிக்கு, 1924இலேயே நடிகேரியண்ட சின்னப்பா தொகுத்த 'பட்டோலெ பழமெ' என்னும் நாட்டுப்பாடல் தொகுப்பு உண்டு. அதன் பெயரிலும் ஓலையும் பழமையும் கேட்கின்றன.

இனி அந்தக் கோட்பாடு. மைசூர் நரசிம்மாச்சார் சீனிவாஸ் ஆக்ஸ்போர்டில் செய்த ஆய்வின் விளைவாக 1952இல் வெளிவந்தது, தென்னிந்தியக் கூர்க்கர்களின் சமயமும் சமூகமும் பற்றிய அவரது நூல். 'சமஸ்கிருதமயமாதல்' என்னும் கருத்து, தமிழ்ப் பாடநூல்கள் மேல்நிலையாக்கம் என்றும் குறிப்பது, அந்நூலின் வழியாகவே கல்வியுலகில் பரவியது. தாழ்ந்த நிலையில் வைக்கப்பட்ட ஒரு சாதி, புலாலையும் மதுவையும் கைவிட்டு, பிராமணச் சடங்குகளை ஏற்று, ஓரிரு தலைமுறைகளில் மேல்நிலையை உரிமை கோர முடியும் என்பது அதன் சாரம். புலால் மறுத்தலை ஏறுபடியாகக் காட்டும் இக்கோட்பாடு, பன்றியையும் மதுவையும் பெருவிழாவில் வைத்து உண்ணும் மக்களைப் பற்றிய நூலில் பிறந்தது. இந்த முரணைப் போதுமான அளவு யாரும் நின்று பார்ப்பதில்லை. தேர்வுக்கான குறிப்பேடுகளில் வரையறை இருக்கும். குடகின் இலை இருக்காது.

சீனிவாஸ் இதைக் காணாதவர் அல்லர். கொடவர் பன்றி உண்பதையும் மது அருந்துவதையும் அவர் பதிவு செய்கிறார். இறைச்சியையும் மதுவையும் துறந்து பூணூல் அணிந்த 'அம்ம கொடவர்' என்னும் சிறு பிரிவையும் காட்டுகிறார். கோட்பாடு முழுமையாகப் பொருந்துவது அந்தச் சிறு பிரிவுக்குத்தான். பெரும்பான்மையினர் காவிரித் தாயை வணங்கினர், தலைக்காவேரிக்குச் சென்றனர், க்ஷத்திரியர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டனர். ஆனால் பன்றியை விடவில்லை. 1600ஐ ஒட்டிய காலம் முதல் 1834இல் ஆங்கிலேயர் குடகைக் கைப்பற்றும் வரை அவர்களை ஆண்ட ஹாலேரி மன்னர்கள், புலால் மறுத்த லிங்காயத்து மரபினர். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அரியணையில் ஒரு சைவ உணவுக் குலம் அமர்ந்திருந்தும் குடிகளின் சட்டி மாறவில்லை. மேலிருப்பவரின் உணவை நோக்கிக் கீழிருப்பவர் நகர்வர் என்பது பொதுவிதியானால், இதைவிட நல்ல சோதனைக்களம் கிடைக்காது. விதி இங்கே தோற்றது.

காரணத்தை இறைச்சியின் சுவையில் தேடுவது போதாது. கொடவச் சமூகத்தின் அலகு 'ஒக்க' எனப்படும் தந்தைவழிப் பெருங்குடும்பம். அதன் மையம் 'ஐன்மனெ' என்னும் மூதாதையர் இல்லம். ஆண்டுதோறும் முன்னோர்க்குப் படையலிடும் சடங்கில் இறைச்சியும் மதுவும் வைக்கப்படும். இறைச்சியைத் துறப்பது என்றால் நாவை அடக்குவது மட்டுமாக அது முடியாது. முன்னோரைப் பட்டினி போடுவதாகும். நிலமும் துப்பாக்கியும் குலப்பெயரும் அந்த முன்னோர் வழியாகவே வந்தன. ஆங்கிலேயர் காலத்து ஆயுதச் சட்டத்திலிருந்து கொடவர்க்கும் ஜம்மா நில உரிமையாளர்க்கும் கிடைத்த விலக்கு, 2029 வரை நீட்டிக்கப்பட்டு இன்றும் நடைமுறையில் உள்ளது. மேல்நிலை என்பதைக் கொடவர் ஆயுதத்தாலும் நிலத்தாலும் அடைந்திருந்தனர். பிராமணரின் இலையைக் கடன் வாங்க வேண்டிய தேவை அவர்களுக்கு எழவில்லை. இலையை மாற்ற வேண்டிய நெருக்கடி, நிலமற்றோர்க்கும் ஆயுதமற்றோர்க்கும் உரியது. சமஸ்கிருதமயமாதலைப் பண்பாட்டு ஆசையாக மட்டும் கற்பிக்கும் வகுப்புகளில் விடுபட்டுப்போவது இந்த ஏற்றத்தாழ்வுதான்.

தர்மசாத்திரத்தின் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரு நகைமுரண் உண்டு. மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம், இருபிறப்பாளர் உண்ணலாகாதவை என ஒரு பட்டியல் தருகிறது: காளான், ஊர்ப்பன்றி, பூண்டு, ஊர்க்கோழி, வெங்காயம். மழைக்காலக் குடகின் விருந்தை எதிரே வைத்துக்கொண்டு எழுதியது போல் இருக்கிறது! அங்கே விலக்கப்பட்டது ஊரில் திரியும் பன்றி. காட்டுப்பன்றி அந்தப் பட்டியலில் இல்லை. அரசர் வேட்டையாடியதும் கொடவர் பெருமையாகப் பேசியதும் காட்டுப்பன்றியையே. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்த வேட்டை குற்றமாயிற்று. முன்பும் வீடுகளில் பன்றி வளர்த்ததுண்டு. இப்போது சட்டிக்கு அது மட்டுமே வழி. சாத்திரம் பேசாமல் விட்ட விலங்கைச் சட்டம் தடுத்தது. சாத்திரம் தடுத்த விலங்கு விழா இலையில் அமர்ந்தது. கைல்பொள்த் நாளில் துப்பாக்கிகள் இன்றும் பூச்சூடுகின்றன. தேங்காயைக் குறிவைத்துச் சுடும் போட்டிகள் நடக்கின்றன.

பழத்தின் பிற்கால வாழ்வும் விந்தையானதே. 1965இல் மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லூயிஸ், நீலகண்டன் ஆகிய இருவரும், இதன் புளிப்புக்கு முதன்மைக் காரணம் ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம் என்று நிறுவினர். அவ்வமிலம் உடலில் கொழுப்பு உருவாகும் வேதிவழியில் ஒரு நொதியைத் தடுக்கிறது என்பது பின்னர் ஆய்வகத்தில் தெரியவந்தது. உடனே அமெரிக்கச் சந்தையில் 'கார்சீனியா கம்போஜியா' என்ற பெயரில் உடல் மெலிவு மாத்திரைகள் குவிந்தன. 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வில், 135 பேருக்குப் பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தபோது, போலி மாத்திரை உண்டவர்களைவிட இவர்கள் குறிப்பிடத்தக்க அளவில் மெலியவில்லை. விற்பனை நிற்கவுமில்லை. தலைமுறை தலைமுறையாகப் பன்றிக் கொழுப்போடு சேர்த்துச் சமைக்கப்பட்ட பழம், கொழுப்பை விரட்டும் மருந்தாகக் கடல் கடந்து விற்கப்பட்டது. லின்னேயஸின் பிழைக்குப் பின் இப்பழத்துக்கு நேர்ந்த இரண்டாவது பெயர்மோசடி என்று இதைச் சொல்லலாம்.

இவ்வளவு வரலாற்றிலும் ஒரு சாரார் இன்னும் உள்ளே வரவில்லை. பந்தி கறியைப் பற்றி இப்போது பெருகிவரும் எழுத்துகள், அதைக் கொடவ வீரத்தின் உணவாகவே கொண்டாடுகின்றன. குடகின் நெல்வயல்களில் நாற்று நட்டவர்களுள் எரவர் முதன்மையானவர்கள். நிலத்தோடு சேர்த்துக் கைமாற்றப்பட்ட அடிமை உழைப்பு அவர்களுடையது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறைக்கு நீதிமன்ற ஏற்பை நீக்கிய பின்னும், கடனின் பெயரால் அந்தப் பிணைப்பு நெடுங்காலம் தொடர்ந்தது. காடுபடு பொருள் சேகரித்து வாழ்ந்தவர்கள் ஜேனு குறும்பர். தேனையும் கிழங்கையும் புளிப்பழத்தையும் மழையில் நனைந்து தேடி எடுக்கும் அறிவு இத்தகையோரிடமே இருந்தது. நாகரஹொளெ சரணாலயமாகவும், பிறகு 1988இல் தேசியப் பூங்காவாகவும் ஆனபோது, அதன் உள்ளிருந்த ஹாடிகளிலிருந்து பல குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. சிறு வன விளைபொருள்மேல் உரிமையை ஏற்ற வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. அந்த உரிமைப் பட்டாவுக்காகக் குறும்பக் குடும்பங்கள் இன்றும் மனுவோடு அலைகின்றன. மடிகேரியின் கடைகளில் கச்சம்புளி இன்று அழகிய குப்பிகளில் அடைத்து விற்கப்படுகிறது. குப்பியின் ஒட்டுச்சீட்டில் மலையின் படமும் ஐன்மனெயின் படமும் இருக்கும். பழம் பொறுக்கிய கைக்கு என்ன கூலி கிடைத்தது என்பது எந்தச் சீட்டிலும் அச்சாவதில்லை.